எந்த சர்க்கார்?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, பேரப்பிள்ளைகள் ஏதோ உளவுக் கதையைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று நீங்கள் நான்கு பேரும் கேட்டீர்கள். மாத்திரை வேளை ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பித்து வந்துவிட்டேன். நம் வயதில் அது எல்லாரும் நம்புகிற சாக்கு. பதில் கொஞ்சம் நீளம், வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு துப்பறியும் கதை பகுதி பகுதியாக வந்தது. காசு கொடுத்து வாங்கியதில்லை. அப்பா ஆம்பூர் ரயில் நிலையத்தில் பார்சல் சுமப்பவர். பிளாட்பாரத்தில் புத்தகம் விற்றவர், விற்காமல் தங்கிப்போன பிரதிகளின் அட்டையை மட்டும் கிழித்துப் பட்டணத்துக்குத் திருப்பி அனுப்புவார். மிச்சத் தாள் கடலைப் பொட்டலத்துக்குப் போகும். அதில் ஒன்றை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். ஆகையால் அந்தக் கதையின் பெயர் எங்களுக்குத் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. முதல் பக்கத்தில் பாதி, பசையோடு உரிந்து போயிருக்கும். மூலையில் ரயில் கரி படிந்திருக்கும். எனக்கு இன்றும் புத்தகம் என்றால் அந்தக் கரி வாசனைதான்.

கதை இதுதான். மலை சூழ்ந்த ஒரு நாடு, அங்கே பஞ்சம். கோட்டைக் களஞ்சியத்தில் தானியம் இருக்கிறது என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் எலி தின்றுவிட்டது என்று சர்க்கார் தண்டோரா போடுகிறது. அந்த எலிகளைப் பற்றி விசாரிக்க ஒரு துப்பறிபவரை அனுப்புகிறார்கள். அவர் போய்ப் பார்த்தால் களஞ்சியத்தில் ஒரு எலி வளைகூட இல்லை. கிளறக் கிளற, தானியம் எதிரி நாட்டுக்குப் போயிருப்பதும், அனுப்பியவர்கள் தனக்கு உத்தரவு போடுகிற பெரிய மனிதர்களே என்பதும் தெரிகிறது. அப்புறம் மாதத்துக்கு ஒரு ஆபத்து. அது எந்த நாடு என்று எழுதியிருக்கவில்லை. எங்கள் பெண்களுக்கு எழுதிக் காட்டவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. உப்பு காய்ச்சியவர்களையும் கொடி பிடித்தவர்களையும் வண்டி வண்டியாக வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோன காலம் அது.

எங்கள் பெண்கள் என்று நான் சொல்வது, அம்மாவோடு கடுக்காய் உடைத்தவர்களை. தோல் பதனிடும் இடத்துக்கு நம் ஊரில் ஷாப்பு என்றுதானே பெயர். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ஷாப்பில், ஓலைக் கொட்டகைக்குள் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து காலையிலிருந்து, தோல் பதனிடுவதற்கான கடுக்காயைக் கல்லால் உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். மஞ்சள் தூள் பறந்து புருவமெல்லாம் அப்பியிருக்கும். சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் ஒரு பக்கம், ஆவாரம்பட்டை ஊறுகிற வாடை ஒரு பக்கம். மத்தியானம் கல் ஓய்ந்ததும் தூக்குச் சட்டியைத் திறந்து கூழைக் கரைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, எங்க விட்டே?" என்பார்கள். கேட்பது என் சித்தியை.

சித்தி அம்மாவின் தங்கை. வேலூரில் ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு, பெண்கள் பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வரும் என்று எங்கள் வீட்டில் காத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள். அந்த உத்தரவு வந்துவிட்டால் அம்மாவின் மஞ்சள் கையோடு கடுக்காய் உடைப்பது முடிந்துபோகும், எனக்குக் கடுக்காய்க் கல் இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். போலீசில் பெயர் அடிபட்டவர்களுக்கு அந்த உத்தரவு வராது என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் சித்தி படித்தாள். வாசித்துக் காட்டுவதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. துப்பறிபவருக்கு ஒரு குரல், திவானுக்கு ஒரு குரல், எலிக்குக்கூட ஒரு குரல் வைத்திருந்தாள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷாப்பு முதலாளி ஒரு சாயபு. அவர் வீட்டு ஆட்களும் வண்டிக்காரரும் உருதுவில் அவரை 'சர்க்கார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டு ஷாப்பில் எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது. "சர்க்கார் வர்றாரு, கல்லை எடு" என்பாள் அம்மா. வெள்ளைக்காரன் சர்க்கார் எங்கேயோ இருந்தது. எங்கள் சர்க்கார் வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு தினமும் எதிரில் நடந்தார்.

அந்தக் கைக்குட்டைக்காகவே அவரைப் பெண்களுக்குப் பிடிக்காது. நம்ம வாடை அவருக்கு ஆகலை என்பார்கள். அவருக்கு இழுப்பு நோய் இருந்தது என்பதும், பட்டைத் தூள் பட்டால் மூச்சு திணறும் என்பதும் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போதாததற்கு, சித்தி படிக்கிற நேரம் பார்த்து ஓலைத் தட்டிக்குப் பின்னால் வந்து நிற்பார். உருவம் தெரியாது, இருமல் கேட்கும். நாம ஜாஸ்தி நேரம் உக்கார்றோமான்னு வேவு பாக்கறாரு என்று அம்மா அடித்துச் சொன்னாள்.

வேவு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கதையில் துப்பறிபவர் எல்லாவற்றையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுவார். நானும் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அதில் நான் எழுதியது இன்றும் எனக்கு மனப்பாடம். 'சர்க்கார் பன்னிரண்டு மணிக்கு வந்தார். தட்டிக்குப் பின்னால் நின்றார். இரண்டு முறை இருமினார். முகத்தை மறைத்திருந்தார். சர்க்கார் மேல் சந்தேகம்.' இப்படியே பத்துப் பக்கம். இந்தக் கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் ஒரு தலைப்பு வேண்டும் என்று, கதையில் ஓயாமல் வருகிற இரண்டு சொற்களை எடுத்து முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன்: 'சர்க்கார் துரோகம்.'

அந்தக் கோடையில் ஷாப்பு வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் குடை ரிப்பேர்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எங்கள் தெருவில் மொத்தம் இரண்டு குடை. ஒன்று பாதிரியாருடையது. குடைக்காரரோ மூன்று நாளாக ஒரே குடையின் ஒரே கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நோட்டில் எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை. பெரிய துப்பறிபவள்!

நான்காம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, மத்தியானத்துல உள்ள ஒரு பொண்ணு படிக்குதே, இன்னா படிக்குது?"

"துப்பறியற கதை."

"இன்னா துப்பு அதுல?"

"சர்க்கார் துரோகம் பண்ணிட்டாங்க. அதைக் கண்டுபுடிக்கறாரு."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, "நான்கூட துப்பறியறவன்தான். யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே துப்பறிபவர் உயிரைக் கொடுத்து உண்மையைத் தேடுகிறவர். அப்படி ஒருவர் எங்கள் புளியமரத்தடிக்கே வந்திருக்கிறார். ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, பார்த்துத் தருகிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் மரத்தடியில் குடையும் இல்லை, அவரும் இல்லை. அவருக்கு அவசர வேலை வந்திருக்கும் என்று பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், துப்பறிபவரைக் கைகட்டிப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டார்கள். சித்தி அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அப்போதுதான் சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் கொட்டகைக்குள் வந்தார்கள். கூடவே குடைக்காரர், வெள்ளைச் சட்டையில். நான் அவரைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சித்தி மடியிலிருந்த புத்தகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, கை கழுவப் போகிறவள் மாதிரி எழுந்துபோய், பட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிவிட்டாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள். அந்த வேகம் எந்தத் துப்பறிபவருக்கும் வராது.

இன்ஸ்பெக்டர் கையில் என் நோட்டு.

"யாரு இங்க படிக்கிறது?"

சித்தி எழுந்து நின்றாள். "நான்தாங்க."

"பேரு சொல்லு. இன்னா வேலை?"

"டீச்சர் டிரெய்னிங் முடிச்சிருக்கேன். ஆர்டருக்குக் காத்திருக்கேன்."

"சர்க்கார் சம்பளத்துக்கு நின்னுக்கினு சர்க்கார் துரோகம்னு சின்னப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கறியா? நான் ஒரு வரி ரிமார்க் எழுதினா உன் ஆர்டர் இன்னா ஆவும் தெரியுமா?"

சித்தியின் உதடு வெளுத்துவிட்டது. நான் எழுதியது என்று சொல்லாமல் சித்தியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டார்.

அப்போது தட்டிக்குப் பின்னால் இருமல் கேட்டது. முதலாளி கைக்குட்டையோடு தட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா இன்ஸ்பெக்டர் சாப், எந்த சர்க்காரைச் சொல்றீங்க?"

"எத்தனை சர்க்கார் இருக்கு?"

"இந்த ஷாப்புல நான்தான் சர்க்கார். யாரை வேணா கேளுங்க. அதைக் கொடுங்க, பாக்கலாம்." நோட்டை வாங்கி, கண்ணருகே வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "சர்க்கார் பன்னிரண்டு மணிக்கு வந்தார். நின்றார். இரண்டு முறை இருமினார்." நிமிர்ந்தார். "சாப், உங்க சர்க்கார்னா வந்தது, போனதுன்னுதானே எழுதுவாங்க? இது வந்தார், இருமினார்னு இருக்கு. லண்டன்ல இருக்கற சர்க்கார் இங்க தட்டி பின்னாடி நின்னு இருமுமா?"

ஒரு கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார். நான் நன்றாகப் படித்த பெண் இல்லை, ஆனால் பெரியவர்களுக்கு 'ஆர்' போட்டு எழுதவேண்டும் என்று சித்தி குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தை விரலால் தட்டினார். "சரி, நீங்கதான் சர்க்கார். துரோகம்னு போட்டிருக்கே, நீங்க இவங்களுக்கு இன்னா துரோகம் பண்ணீங்க?"

முதலாளி பெண்கள் பக்கம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டார். அவர் முகத்தை முழுதாக நான் பார்த்தது அன்றுதான். மெலிந்த தாடை, நரைத்த தாடி, மூச்சுக்கு ஏங்குகிற வாய்.

"வருஷா வருஷம் பண்டிகைக்கு இவங்களுக்கு நான் புடவை கொடுக்கறது. போன வருஷம் துணி மூட்டை வரலைன்னு சொல்லிட்டேன். வந்துச்சு. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம், அங்க கொடுத்துட்டேன். அது இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நேரா கேக்க முடியலை. கதையா கட்டிப் பேசிக்கறாங்க, பிள்ளைங்க எழுதுது. இதான் துரோகம். எழுதிக்கிங்க."

பெண்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஒருத்தி என் காதோரம், "அப்படியா சங்கதி" என்றாள். முந்தின வருஷம் பழைய புடவையோடு பண்டிகைக்குப் போனவர்கள் அவர்கள்.

இன்ஸ்பெக்டர் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். பென்சிலைப் பையில் வைத்தார். "முதலாளி கூலி சண்டைக்கெல்லாம் எங்களை பேஜார் பண்றீங்களேய்யா" என்று குடைக்காரரைத்தான் திட்டினார். நோட்டை முதலாளி கையிலேயே விட்டுவிட்டு நடந்தார். குடைக்காரர் கடைசியாக வெளியே போனார். தலையைக் குனிந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா போலீஸ் வந்ததைச் சொன்னாள். நான் நோட்டைக் கொடுத்ததையும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். சித்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "கதையில வர்றவன் நல்லவன்னா வெளியில இருக்கறவனும் நல்லவன்னு நெனச்சிருக்கு. படிச்சுக் காட்டினவ நான்தானே அக்கா" என்றாள். கடைசி வரை என்னை அதற்காக ஒரு சொல் சொல்லாதவள் அவள். கொடுத்துவைத்தவள் நான்.

அம்மாதான் கொதித்துக்கொண்டிருந்தாள். "காப்பாத்தினாரு, சரி. ஆனா எங்க துணியைத் தூக்கிக் கல்யாணத்துக்குக் கொடுத்திருக்காரே."

அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்தத் துணி?"

"போன வருஷத்து மூட்டை."

"அது வரவே இல்லையே. நாலு தரம் சீட்டு அனுப்பி விசாரிச்சாரு. நானே ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில எங்கயோ தொலைஞ்சுபோச்சு. வந்திருந்தா என் தோள் மேலதான் இறங்கியிருக்கும்."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததைக்கூட அம்மா கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவும் சித்தியும் நானும் அவர் அறை வாசலில் போய் நின்றோம். சித்தி கைகூப்பினாள். அவர் அவசரமாகக் கையை ஆட்டி, மேஸ்திரி பக்கத்தில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

"நன்றியெல்லாம் வேணாம்மா. மூட்டை வரலைன்னு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல இருக்கறவர் சொல்லியிருப்பார். வாய் திறக்காதீங்க. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அந்தாளு திரும்ப வருவான், நேரா உன்கிட்டதான் வருவான். ஆர்டர் வர்றவரைக்கும் மட்டும் இல்ல, அதுக்கப்புறமும் வாய் திறக்காதீங்க." கொஞ்சம் இருமினார். குரல் மாறியது. "கிணத்துல தள்ளிட்டாங்களே, அவன் பொழச்சானா?"

சித்தி திகைத்துப்போனாள். "தெரியாதுங்க சர்க்கார். அக்கா புத்தகத்தைத் தொட்டியில போட்டுட்டாங்க."

"எந்தத் தொட்டி?"

"பட்டைத் தொட்டி."

"அப்போ இன்னேரம் பதமாயிருப்பான்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். என்னைக் கிட்டே கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கே. தேதி போடலை. தேதி போடணும்."

அதன்பிறகு சித்தி கொட்டகையில் எதையும் படிக்கவில்லை. அட்டையில்லாப் புத்தகங்களை அப்பாவும் கொண்டுவரவில்லை. கிணற்றில் விழுந்தவர் என்ன ஆனார் என்று எனக்கு இன்றும் தெரியாது. எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அப்பா தபால்காரரை அப்படியே கட்டிக்கொண்டார். அம்மா கடுக்காய்க் கல்லை அந்த மாதத்தோடு வைத்துவிட்டாள். நான் பத்தாவது வரை படித்தேன், நர்சாகி வேலூரில் சம்பாதித்தேன். எல்லாம் அந்த ஒரு தாளிலிருந்து வந்தது.

ஆனால் அந்த வருஷப் பண்டிகையை நான் மறக்கவில்லை. அவர் புடவை கொடுத்தார், எப்போதும் கொடுப்பதைவிட நல்ல புடவை. பெண்கள் வரிசையில் வந்து வாங்கும்போது, "இதாவது கல்யாணத்துக்குப் போகாம வந்துச்சே" என்று அவர் காது கேட்கவே சொன்னார்கள். ஒருத்தி துணியை உதறி, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். அவர் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மாவின் முறை வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் நின்றவள், "துணியைப் பாத்தா எல்லாம் மறந்துடும் உனக்கு" என்று அம்மாவைக் குத்தினாள். அம்மா அதையும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பேச்சு ஷாப்போடு நிற்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 'புடவை சாயபு' என்று நம் ஊரே அவருக்குப் பெயர் வைத்தது. கூலிப் பெண்கள் துணியைச் சுருட்டியவர், போலீசிடமே ஒப்புக்கொண்டவர் என்று கல்யாண வீட்டில், சாவு வீட்டில் சொல்லிச் சிரிப்போம். நீங்கள் சிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் போய்ச் சேர்ந்த அன்றும் ஒருவர் அதைச் சொன்னார். வெள்ளைக்காரன் போனபிறகு நான் சொல்லியிருக்கலாம். அப்போது பயம் இல்லை, வெட்கம்தான். நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான் என்று சேர்த்துச் சொல்லவேண்டுமே. சித்தி கடைசி வரை சொல்லச் சொன்னாள், நாளை நாளை என்று தள்ளினேன். அவளும் போய்விட்டாள்.

என்னைவிடச் சின்னவர்களான உங்களில் மூன்று பேருக்குக் கையைப் பிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவள் என் சித்தி. அவள் கரும்பலகைக்கு முன்னால் நின்றாளே, அந்த இடம் ஒரு மனிதர் தன் பெயரைக் கொடுத்து வாங்கித் தந்தது. உங்கள் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அவர்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். அந்த மூட்டை வரவே இல்லை. எங்கள் சர்க்கார் யாருடைய புடவையையும் எடுக்கவில்லை.